சூடு ஆறும்வரை

சோம்பேறிக்குச் சூடு ஏறியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஏழு பெட்டிகள். ஆறில் ஈர வைக்கோல், இறைச்சி, மரத்தூள் என்று ஏதாவது அழுகிக்கொண்டிருக்கும். ஏழாவது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த காலிப் பெட்டி. "மத்ததெல்லாம் உழைக்குது, இது மட்டும் ஏசியில சும்மா கிடக்குது" என்று அதற்குச் சோம்பேறி எனப் பெயர் வைத்தது அவளுடைய கணவர்தான். சூடான பொருள்கள் எப்படி ஆறுகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அழுகும்போது எப்படிச் சூடாகின்றன என்பது அவளுடையது. "நான் ஆற வைக்கிறேன், நீ அழுக வைக்கிற. நல்ல ஜோடிப் பொருத்தம்" என்பார். அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய கை ஆறும்வரை அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது அவளுக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

விடுமுறை நாளின் மதியம். மழை பிடித்திருந்தது. ஏசியின் முனகலும், எந்தப் பெட்டியிலோ ஈரம் சொட்டும் ஓசையும், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாத அந்த இனிப்பான அழுகல் வாடையும் ஜன்னலில்லாத அறையை நிறைத்திருக்க, அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தொங்கும் சென்சார் காட்டும் சூடு, திரையில் ஒரு கோடு. ஆறு கோடுகள் வழக்கம்போல் இருந்தன. அடியில் படுத்துக் கிடக்க வேண்டிய ஏழாவது கோடு தலைதூக்கியிருந்தது.

செல்போன் அடித்தது. வீட்டில் அவளுடைய குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை.

"பாப்பா இப்பதான் தூங்கினா. எழுந்ததும் உன்னைத்தான் தேடுவா. சீக்கிரம் வந்துடுக்கா."

"ஒரு சென்சார் மக்கர் பண்ணுது. பாத்துட்டு உடனே கிளம்பிடுறேன்."

சென்சார்மீது சந்தேகம் வந்தால் அதைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பார்ப்பது அவர்கள் இருவரின் பழக்கம். கோடு விறுவிறுவென ஏறி, உடம்புச் சூட்டில் வந்து நின்றால் சென்சார் நல்லது என்று அர்த்தம். அவள் கோட்டை மறுபடி பார்த்தாள். அழுகல் இப்படி ஏறாது; அதற்கு நாள் கணக்கில் ஆகும். இது விறுவிறுவென ஏறி, உடம்புச் சூட்டில் வந்து நின்றிருந்தது.

யாரோ பொத்திப் பிடித்திருந்தார்கள்.

மூடியைத் திறந்தாள். வாடை எதுவும் இல்லை. ஒயர் மட்டும் உள்ளே இருட்டுக்குள் இறங்கியது. அதைத் தொட்டபடியே கையை இறக்கினாள். ஒயர் முடிந்த இடத்தில் விரல்கள் இருந்தன.

வெதுவெதுப்பான விரல்கள். சின்ன வயதில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரல்.

"வந்துட்டீங்களா?"

சந்தோஷத்தில் அழுதாள். விரல்கள் சென்சாரோடு சேர்த்து அவள் கையையும் பற்றிக்கொண்டன. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அப்புறம்தான் மணிக்கட்டு சில்லிட்டது. முழங்கை. தோள். நின்றிருந்த கோடு மீண்டும் ஏறத் தொடங்கியது.

ஏறியது அவளுடைய சூடு. அவள் கை ஆறும்வரை விடமாட்டார்.

இழுத்தாள். வரவில்லை.

"என்னங்க, விடுங்க." பல் கிட்டியது. "வீட்ல பாப்பா இருக்கா. பாப்பாவை நினைச்சுப் பாருங்க."

பிடி இறுகுவது நின்றது. யோசிப்பதுபோல். பிறகு விட்டது.

அவள் தரையில் சரிந்தாள். மரத்துப்போன கையை மடியில் வைத்துத் தேய்த்தாள். செல்போன் அடித்தது.

"அக்கா, பாப்பா தூக்கத்துல கையை இறுக்கி மூடிக்கிட்டிருக்கா. யாரோ விரலைப் பிடிச்சிட்டிருக்கிற மாதிரி. பிரிக்கவே முடியல." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "கை ஜில்லுனு இருக்குக்கா."

செல்போனைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பெட்டிக்குள் விட்டாள். துழாவினாள்.

"என்னைப் பிடிங்க. நான் வரேன். என்னைப் பிடிங்க."

ஒயர். சென்சார். வேறு ஒன்றும் இல்லை.

திரையில் ஏழாவது கோடு ஏறிக்கொண்டிருந்தது.