பொருந்திய முகம்

அறுவை அறையில் காலையில் முதல் வேலை இதுதான். நோயாளி வருவதற்கு முன் ஊழியர் ஒருவர் மேசையில் படுக்க வேண்டும். மேலிருக்கும் கேமரா முகத்தைப் பார்க்கும். பழைய ஸ்கேன் படம் ஒன்று நீலக் கோடுகளாக, திரையில் அந்த முகத்தின் மேல் வந்து உட்காரும். சரியாக உட்கார்ந்தால் கருவி தயார்.

"இன்னைக்கு நீதான் பொணம்," என்றாள் அக்கா. அங்கே அவள்தான் மூத்த டெக்னீஷியன்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவளை எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே படுத்தாள். அக்கா தலைப்பிடியைத் திருகினாள். இரண்டு கன்னத்திலும் ரப்பர் இறுகியது. கிருமிநாசினி நெடி.

"யாரோட ஸ்கேன்க்கா?"

"இதே மேசையில உயிர் போன ஒருத்தி. எப்பவோ அழிச்சிருக்கணும். எல்லார் மூஞ்சிக்கும் கச்சிதமா பொருந்துறா, அதான் வச்சிருக்கோம்."

புதுசின் சிரிப்பு நின்றது. "அழிச்சிடுங்கக்கா. பாவம்."

"முதல்ல இது முடியட்டும். அசையாதே."

அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். கதவு மூடியது.

தலைக்கு மேல் திரை. அதில் தன் முகம். முகத்தின் மேல் நீல மண்டையோடு.

கொட்டாவி விட்டாள். மண்டையோட்டின் வாய் மூடியே இருந்தது. ஸ்கேன் எடுத்தபோது மூடியிருந்த வாய் அது. திறக்க வழியில்லை.

திறந்தது.

மெதுவாக. அதன் பிறகு அவள் வாயும் திறந்தது.

அவள் திறக்கவில்லை.

மூடப் பார்த்தாள். நீலத் தாடை மூடிய பிறகே அவள் வாய் மூடியது. கையைத் தூக்கப் பார்த்தாள். யாருடைய கையோ போல் கிடந்தது. கத்தினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"நூத்துக்கு நூறு. இப்படி யாருக்கும் பொருந்துனதே இல்லடி. சரி, அழிச்சிடவா?"

அழிச்சிடுங்க. அழிச்சிடுங்கக்கா.

நீலத் தாடை அசைந்தது.

"வேணாம்க்கா," என்றது அவள் வாய். "என்னைக் கழட்டி விடுங்க முதல்ல."

அக்கா வந்து பிடியைத் தளர்த்தினாள். எழுந்தவள் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து போய்விட்டாள்.

யார் எழுந்து போனாலும் படம் கொஞ்ச நேரம் திரையில் வெறும் மேசை மேல் நீலமாகக் கிடக்கும். இன்றும் கிடந்தது.

வாய் அகலத் திறந்திருந்தது.

"நல்லா இருந்த படம், கெட்டுப்போச்சே," என்று முணுமுணுத்தபடி அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போய் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்.

அந்த வாய் இன்னும் அகலமானது.