முப்பது மாலைகள்

நிறுத்தி வைத்திருந்த புரோகிராம் மூன்று செக்கன் ஓடியிருந்தது. பிரேமினி திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். உறைந்து கிடப்பது ஓடாது. நேற்று மாலைவரை ஓடவும் இல்லை.

அதை எழுதியவன் அவள் கணவன் றொசாந்தன். கடலில் படகு நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் புரோகிராம். 'முடித்துக்கொள்' என்ற சிக்னல் போனால் உடனே முடியாமல், அவன் குரலில் "பொறு, வாறன்" என்று சொல்லிவிட்டு முடியும்படி விளையாட்டாக எழுதியிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் அவன் சொல்லும் அதே பதில். அந்தக் குரல் வேறெங்கும் பதிவில் இல்லை.

அதைச் சோதிக்கத் தன் தமையனின் படகில் தனியாகப் போனவன் திரும்பவில்லை. உடலும் பள்ளிமுனைக் கரைக்கு வரவில்லை. அன்றே அவள் புரோகிராமை உறைய வைத்தாள். ஓடவும் வேண்டாம், முடியவும் வேண்டாம்.

ஆனாலும் மாலைதோறும் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிடக் கூப்பிடுவதுபோல அந்த 'முடித்துக்கொள்' சிக்னலை அனுப்பினாள். உறைந்ததற்கு அது போய்ச் சேராது, வாசலிலேயே நிற்கும். முப்பது தரம் அனுப்பினாலும் ஒன்றாகத்தான் நிற்கும். எழுப்பினால் ஒரேயொரு பதில். பிறகு புரோகிராம் முடிந்துவிடும், அந்தக் குரலும் இல்லை.

இன்று முப்பத்தோராம் நாள் பூசை. போகுமுன் அவனுக்கு மேசையில் சோறு போட்டு வைத்திருந்தாள். றொசாந்தனின் தங்கை நிறஞ்சலா படலையடியில் நின்று கூப்பிட்டாள்.

"மச்சாள், வெளிக்கிட்டாச்சோ? மணியும் அடிச்சிட்டு."

"நீ நட. ஒருக்கா அவற்ற குரலைக் கேட்டிட்டு வாறன்."

"நீங்களும் அண்ணாவைப் போலத்தான். பாதர் பூசையை முடிச்சுப்போட்டு வந்துதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகோணும்."

நிறஞ்சலா போனாள். கச்சான் காற்று கூரைத் தகட்டை உரசிக்கொண்டிருக்க, மதிலோரத்துக் கழுதைகள் மணலைக் கிளறிக்கொண்டிருக்க, உப்பும் கருவாடும் கலந்த மணம் ஜன்னலால் வந்து முகத்தில் ஒட்ட, பிரேமினி 'தொடர்' என்ற சிக்னலை அனுப்பினாள்.

"பொறு, வாறன்."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிந்தது.

"பொறு, வாறன்."

காற்று நின்றது. கழுதைகளின் சத்தமும் இல்லை.

மூன்று. நான்கு. ஒவ்வொன்றிலும் மூச்சு வேறாயிருந்தது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் கூடியிருந்தது.

எந்தப் புரோகிராமும் மறுக்க முடியாத, கொல்லும் சிக்னலை அனுப்பினாள். ஓடும் புரோகிராம்களின் பட்டியலிலிருந்து அது மறைந்தது. ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள்.

பத்தொன்பது. இருபது. குரல் இப்போது குசினி அடுப்புப் பக்கமிருந்து.

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு மாலையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு மாலையும் எழும்பப் பார்த்திருக்கிறான். எழும்ப விடாமல் வைத்திருந்தவள் அவள்.

இருபத்தொன்பது.

முப்பதாவது வரவில்லை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் அவன் இருந்து சாப்பிடும் கதிரை மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. அதன் மெத்தை நனைந்து கறுத்தது. அமிழ்ந்தது. அவள் போட்டு வைத்திருந்த சோற்றில், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து விரல்களின் பள்ளம் விழுந்து உப்புத் தண்ணீர் ஊறியது.