பார்த்தவர் ஒருவர்

மயிலாடுதுறையில், காவிரிக் கரையோரத் தெருவில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு ஜீவிதா வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தியாகராசனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கு வாய் பேச வராது. இரண்டு வருடமாக அவரைக் கவனித்த மனைவி மங்களாம்பிகைக்கு முந்தின நாள்தான் கருமாதி முடிந்திருந்தது. சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் பிரதீபா மருந்துச் சீட்டைக் காட்டினாள், வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னாள். வாசலில் ஒருமுறை நின்றாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டி விடுங்க. சாப்பிட்டதும் மல்லாத்திடாதீங்க. அம்மா அதுல ரொம்பக் கண்டிப்பு. ஏஜென்சிக்காரரு, நல்ல பொண்ணு, போன்தான் கொஞ்சம் அதிகம்னாரு.”

“அவரு மட்டும் என்னவாம்க்கா, போனைக் காதுலேருந்து எடுத்தே நான் பாத்ததில்ல.”

ஜீவிதா கெட்டவள் இல்லை. மஞ்சள் பூப் போட்ட புது விரிப்பைப் பிரித்து விரித்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கஞ்சி புகட்டினாள். பிறகு, சொன்னதை மறந்து, அவரை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கூடத்தில் போனோடு உட்கார்ந்தாள்.

புடவை, சமையல், சண்டை, சிரிப்பு. விரல் தள்ளத் தள்ளத் தீரவேயில்லை.

நடுவே ஒரு வீடியோ. சுருக்கம் விழுந்த இரண்டு கைகள் நோயாளி ஒருவரைப் புரட்டிக் காட்டின. தள்ளினாள். அதே கைகள் ஒரு வாயைத் துடைத்தன. ‘விருப்பமில்லை’யை அழுத்தினாள். நம் வேலையைப் போன் மோப்பம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடியும் அதே கைகள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. இழுத்து விடும் மூச்சுச் சத்தம் மட்டும்.

கீழே, பார்த்தவர்: ஒருவர்.

அடுத்ததில் கட்டில் முழுவதும் தெரிந்தது.

மஞ்சள் பூப் போட்ட விரிப்பு.

தியாகராசன் மல்லாந்து கிடந்தார். வாயோரம் கஞ்சி வழிந்தது. அந்தக் கைகள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளின. திரும்பத் திரும்பத் தள்ளின. தோள் அசையவில்லை.

கைகள் அவள் பக்கம் திரும்பின.

கும்பிட்டன.

ஜீவிதா ஓடினாள். அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. “அபயாம்பிகைத் தாயே” என்று முனகியபடி அவரை ஒருக்களித்து, வாயில் விரல் விட்டு வழித்து, முதுகில் தட்டினாள். கஞ்சி வெளியே வந்தது. அதன் பின்னால் நீளமாய் ஒரு மூச்சு.

படம் எடுக்கப்பட்ட பக்கம் பார்த்தாள். வெறும் சுவர்.

பிரதீபாவைப் போனில் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் அழுதுகொண்டே சொன்னாள்.

“இப்ப மூச்சு சீரா இருக்குல்ல? அழாதீங்க. அப்பா பக்கத்துலயே இருங்க.”

போன் பைக்குள் போனது. இரவெல்லாம் கட்டிலருகே நாற்காலி போட்டு, மணி தவறாமல் புரட்டினாள். விடியும் நேரத்தில்தான் கண் அசந்தது.

பூதலூரிலிருந்து அம்மா விஜயலட்சுமி அழைத்தபோது நன்றாக வெளுத்திருந்தது.

“ஏண்டி, என் போன்ல எதைத் தொட்டாலும் நீ நாற்காலியில தூங்குறதே வருது. யாரோ ஒரு அம்மாவோட கை உனக்குப் போத்தி விடுது. யாரு அது?”

ஜீவிதா குனிந்தாள். தோளிலிருந்து பாதம்வரை பழைய அரக்கு நிற நூல்புடவை. தரையில் கிடந்த அதன் தலைப்பை மெல்லத் தொட்டாள்.

அதிலும் உடம்புச் சூடு இருந்தது.