பூங்காவனத்துக்கு ஒரு பாவாடை

தைத்து முடித்துக் கொடியில் போட்டிருந்த பாவாடை, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மடிப்பெல்லாம் பிரிந்து நீளமாகத் தொங்கியது. நூல் அறுந்திருக்கவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக உருவி, நூலைச் சுருட்டிக் கீழே வைத்திருந்தார்கள்.

செவந்திக்கு முதலில் வந்தது கோபம்தான். விடியுமுன் வண்டி கட்டி வெள்ளாற்றங்கரைப் பூங்காவனத்துக்குக் கிளம்பணும், புளிச்சோறு கிளறிக் கட்டணும், இதில் இது வேறயா என்று எரிச்சலாக இருந்தது.

அந்தப் பூங்காவனத்துப் படித்துறையில்தான் அவள் புருஷன் மலையாண்டியின் தங்கச்சி அழகி, சமைந்த வருஷமே ஆற்றோடு போனாள். மதினி, மதினி என்று செவந்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்த பெண். கல்யாணமாகாமல் செத்தவள் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று புதுப்பாவாடை வைத்து ஆடிக்கு ஆடி கும்பிட்டு வந்தார்கள்.

அப்புறம் பிறந்த மகள் சொர்ணத்தை மலையாண்டி குளத்துப் பக்கம்கூட விட்டதில்லை. இப்போது வாசலில் மழைத்தண்ணி தேங்கினாலே அவள் அலறுகிறாள். பிள்ளையை இப்படிப் பயந்தாங்கொள்ளியாக வளர்க்க முடியாது, அதே படித்துறையில் உட்கார வைத்துக் காலை நனைத்துக் கூட்டிவருவேன் என்று செவந்தி ஒற்றைக்காலில் நின்றாள். யுத்தத்தில் துணி எங்கும் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு இருந்தது ஒரே கிழிசல். பெட்டியைத் திறந்து, பிள்ளை உயரத்துக்கு மடித்துத் தைக்கக் கன்னியின் பாவாடையை எடுத்தாள்.

"அது அவளோடது செவந்தி. கை வைக்காத," என்றான் மலையாண்டி.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு உடுத்தத் துணியில்ல. செத்தவளுக்கு எதுக்குங்க புதுசு? வேணும்னா வந்து கேக்கட்டும்."

வண்டி கேட்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

செவந்தி சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, இரட்டை நூல் கோத்து, மறுபடி தைக்க உட்கார்ந்தாள். அடுப்பங்கரையிலிருந்து வந்த புளிக்காய்ச்சல் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, ஈர மணலும் அழுகின தழையுமாக, மெல்ல மெல்ல வீடெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. பாவாடையின் கரை விரலுக்குச் சில்லென்று பட்டது. பிழிந்தாள். கலங்கல் தண்ணீர் வழிந்தது.

அதற்காக எழுந்துவிடுவாளா என்ன. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். தைத்து முடித்த இடத்திலிருந்து நூல் தானாக வெளியே வந்தது. நிதானமாக. ஒவ்வொரு தையலாக.

"நீ பிரிச்சுக்கிட்டே இரு," என்றாள் இருட்டைப் பார்த்து. "நான் தச்சுக்கிட்டே இருக்கேன். யார் கை ஓயுதுன்னு பாப்போம்."

அவள் கைதான் முதலில் ஓய்ந்தது. ஓய்ந்தால் என்ன, பிரிந்த பாவாடையை அப்படியே தூங்குகிற பிள்ளைக்குக் கட்டிவிட்டு, இடுப்பில் முடிச்சுப் போட்டாள். காலுக்குக் கீழே துணி நீண்டு கிடந்தது. பக்கத்தில் படுத்துச் சொர்ணத்தின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறக்கவில்லை. ஆனால் தரையில் ஈரக்கால் வைக்கும் சத்தம். வந்தது. பாய்க்கு அங்கிட்டு நின்றது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் இல்லை.

சொர்ணத்தின் இடது கை தானாக எழுந்தது. விரல்கள் எதையோ கோத்துக்கொண்டன. முழங்கை வரை தண்ணீர் ஒழுகியது.

"ஒன்னய எனக்குத் தெரியும் அழகி. பாவமாத்தான் இருக்கு," என்றாள் செவந்தி. "ஆனா என் மகளைத் தர மாட்டேன். விடுடி."

மகளின் கையை இறுக்கினாள். அங்கிட்டும் இறுகியது.

இழுத்தாள். அங்கிட்டும் இழுத்தது.

பிள்ளையின் முதுகு பாயைவிட்டு மேலே எழும்பியது. இரண்டு பிடிகளுக்கும் நடுவே, கண் திறக்காமல், தூக்கத்திலேயே சிரித்துக்கொண்டு சொர்ணம் தொங்கினாள்.