கம்பியில் ஊன்றிய முழங்கை

மத்தியானம் படுத்ததும் தையல்காரருக்கு மூச்சு பாதியிலேயே நின்றது. எழுந்து உட்கார்ந்தால் வந்தது. சாய்ந்தால் மறுபடி அடைத்தது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் டயாலிசிஸ் இயந்திரம்தான் அவர் உடம்புத் தண்ணீரை இழுத்தெடுக்கிறது. எவ்வளவு இழுப்பது என்பதை எடையை வைத்து முடிவு செய்வார்கள். நிறைய இழுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வலியில் உயிர் போகும். அதற்குப் பயந்து மனுஷன் ஒரு திருட்டு வேலை வைத்திருந்தார். எடை மெஷினில் ஏறும்போது பக்கத்துக் கம்பியில் முழங்கையை நைசாக ஊன்றிக்கொள்வார். ஏறிய எடையில் பாதி மாயம். அன்று காலை ஆஸ்பத்திரியிலும் அதையேதான் செய்தார்.

"பரவாயில்லையே அண்ணே, தண்ணியக் குறைச்சிட்டீங்களே!" என்றாள் நர்ஸ். பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. இவரும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினார்.

பாராட்டு வாங்கிய நாளிலும், திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிடுவார் என்று மனைவி அவரை அறைக்குள் விட்டு வெளியே தாழிட்டுத்தான் வைத்தாள். மின்விசிறியின் கிரீச்சொலிக்கும், பாச்சை உருண்டை வாசனைக்கும், திரைச்சீலையில் அசைந்த நிழலுக்கும் நடுவே, எங்கோ களகளவென்று நீர் கொப்பளிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயா? சுவரில் காதை வைத்தார். இல்லை. மூச்சைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். களகள.

ஐயோ, அவர் நெஞ்சுக்குள்ளேதான்! இழுக்காமல் விட்ட தண்ணீரெல்லாம் நுரையீரலில் ஏறிவிட்டது.

கதவைத் தட்டினார். "ஏய்... மூச்சு... முட்டுது... ஆஸ்பத்திரி..."

"ஆரம்பிச்சாச்சா நாடகம்? திறந்தா நேரா குடத்துக்குத்தானே ஓடுவீங்க!" அவள் குரலில் சிரிப்பு. "எடை சரியா இருக்குன்னு நர்ஸே சொல்லுச்சு. பேசாம படுங்க."

படுப்பதா!

உண்மையைச் சொன்னால் திறந்துவிடுவாள். எடை பொய் என்றால் போதும். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை. துடைத்தார். மறுபடி. சூடாக. உப்பாக. மூக்கிலும்.

வெளியே டிவி சத்தம் கூடியது.

தட்டப் பார்த்தார். கை எழவில்லை. நகம் மட்டும் கீறியது.

"சமத்தாத் தூங்குங்க," என்றாள் அவள், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. "எழுந்ததும் அரை டம்ளர் தண்ணி தர்றேன்."

இந்தப் பக்கம், அதே கதவில் அழுந்திய வாயில் ஒரு குமிழி ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. கண்கள் திறந்தே இருந்தன.