பரம்பில் விட்ட வார்த்தை

உச்சி வெயிலில் ஆட்டோ பரம்படியில் போய் நின்றது. ஏரலிலிருந்து ஆற்றோரமாகவே வந்தால் தெரியும் செம்மண் மேடு அது. அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். தோண்டிய குழிகளுக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள்.

"பைய பாத்துட்டு வாங்கக்கா. நான் இங்கன நெழல்ல நிக்கேன்" என்றார் ஷேக் மைதீன், எங்கள் தெரு ஆட்டோக்காரர்.

கணவர் போன பிறகு ஞாயிறானால் இப்படி ஏதாவது பழைய இடத்துக்குக் கிளம்பிவிடுவேன். வரலாற்று ஆர்வம் என்று பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் பீற்றிக்கொள்வது வேறு. உண்மையில், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம்.

குழியோரம் உட்கார்ந்தேன். கீழே உடையாத தாழி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. காற்றில்லை. ஒரு காக்கைகூட இல்லை. அந்தக் கொளுத்தும் வெயிலில் எங்கிருந்தோ பச்சை மண் வாசம் வந்தது.

சும்மா தாழியிடம் பேச்சுக் கொடுத்தேன். முட்டிவலி, ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிற அலுப்பு, எல்லாம். பேசப் பேச நெஞ்சு லேசானது. எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வாரேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? பேசாமல் எழுந்து போவதுதானே முறை. படித்துப் படித்துச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான்.

"எப்ப?"

தாழிக்குள்ளிருந்துதான்.

ஆணா பெண்ணா என்று தெரியாத குரல்.

விழுந்தடித்து ஓடி வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மைதீனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா, அங்கன போயி வார்த்தைய விட்டுட்டீங்களே! வரமாட்டேன்னு சொல்லிட்டு வாங்க. இல்லன்னா அது காத்துக்கிட்டே கெடக்கும்."

திரும்பப் போய்க் குழி விளிம்பில் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை. நான் எப்போது வருவேன் என்று கேட்க இந்த உலகத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"சொல்லியாச்சு" என்று மைதீனிடம் பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் நிஜம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

உச்சிவேளையில் பச்சை மண் வாசம் வந்தது.

வாசற்படியில் ஈரக்கால் வைக்கும் சத்தம்.

பிறகு அது நின்றது.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, போன வாரமே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "நான் அங்க வரமாட்டேன். என்ன மன்னிச்சிரு."



பதில் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது. என் முதுகுக்குப் பின்னால், அடுக்களையிலிருந்து.

"சரி. அப்ப நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."