மூன்றில் இரண்டு

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. சத்தியம் என்றால் கையடித்துச் சத்தியம்.

பகல் பதினோரு மணிக்குத் திருப்பூணித்துறைக் காற்றின் தூசி அளவு 61.4 ஆனது. பிறகு மாறவே இல்லை. மட்டாஞ்சேரி வீட்டில், பக்கத்துக் கிடங்கின் சுக்கு நெடி ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்கார, கட்டிலில் அத்தா பரீதின் ஆஸ்துமா இழுப்பு எண்ணெய் காணாத கதவைப்போலக் கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, மடிக்கணினியில் அந்த எண்களைச் சரிபார்ப்பதுதான் ஷம்னாவின் வேலை. நிமிடத்துக்கு ஓர் எண். எந்த ஊர்க் காற்றும் ஒரே எண்ணில் நிற்காது. நின்றால் கருவி பழுது.

தேவரா அலுவலகத்தில் இருந்த சக ஊழியர் ஹரிநாராயணனை ஃபோனில் அழைத்தாள்.

"மெஷின் மண்டையப் போட்டிருக்கும். சிவப்பு காட்டுதுல்ல? பின்ன எதுக்குப் பேடி, எதுக்குப் பயம்?"

மென்பொருளின் விதி சுலபமானது. திருப்பூணித்துறை, தேவரா, மட்டாஞ்சேரி என்ற மூன்று அளவீட்டு நிலையங்களில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவது தவறு. தவறுக்குச் சிவப்பு.

"உன் மெஷினுக்கும் இழுப்பா மோளே?" என்றார் அத்தா. "என் பம்ப்ப அது வாயில வச்சு ரெண்டு அடி அடி."

ஃபோனில் ஹரி சிரித்தார். "அத்தாகிட்ட சொல்லு, சாயங்காலம் வர்றச்ச பழம்பொரி வாங்கி..."

அவ்வளவுதான். இணைப்பு அறுபடவில்லை. ஃபோனில் வினாடிகள் ஓடின. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையில் தேவரா 61.4. அடுத்த நிமிடமும் 61.4.

திருப்பூணித்துறையின் சிவப்பு பச்சையாக மாறியது. இப்போது ஒத்துப்போகாதது ஒன்றுதான். 43, 47, 45 என்று உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த மட்டாஞ்சேரிக்குச் சிவப்பு விழுந்தது.

ஷம்னாவுக்குப் பயம் வரவில்லை. தேவராவைத் தவறு என்று தானே குறித்தாள். மென்பொருள் காரணம் கேட்டது. 'ஹரி சேட்டன் பேசவில்லை' என்று எழுதினாள். காரணம் போதாது என்றது.

மட்டாஞ்சேரி 52.

எழுந்து கண்ணாடி ஜன்னலைச் சாத்தினாள். 57. சுக்கு நெடி நின்றது. கிறீச்சொலி மெலிந்தது. 60.

"நல்லாருக்கு மோளே," என்றார் அத்தா. "நெஞ்சு லேசா..."

61.4.

வெயிலில் தூசி கீழே இறங்காமல் நின்றது. சாத்திய ஜன்னலில் திரைச்சீலை புடைத்தபடியே இருந்தது. அத்தாவின் வாய் திறந்திருந்தது. மார்பு எழவில்லை. கண்கள் அவளைப் பார்த்தன. சிமிட்டின. மறுபடி சிமிட்டின.

திரையில் மூன்றும் பச்சை. பிழை ஏதுமில்லை.

ஷம்னா தன் மூக்கின் கீழ் உள்ளங்கையை வைத்தாள். காத்திருந்தாள்.

இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.